யமஹா டிடி125ஆர்: தேய்ந்த பவர் வால்வைச் சரிசெய்வது எப்படி?

யமஹாவின் 125 சிசி டூ-ஸ்ட்ரோக் பைக்கான டிடி125ஆர், பழையது ஒன்றை மலிவாக வாங்கியிருக்கிறீர்கள். ஸ்டார்ட் ஆகிறது, நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் ஒரு கட்டத்துக்கு மேல் ஏற மறுக்கிறது. இல்லையென்றால் கீழ் வேகத்தில் உயிரே இல்லாமல், திடீரென்று பாய்கிறது. சிலிண்டரின் பக்க மூடியில் கறுப்பு எண்ணெய் வழிந்து காய்ந்திருக்கிறது. கராஜுக்குப் போனால் நின்றபடியே எட்டிப் பார்த்துவிட்டு, "பவர் வால்வு போச்சு, சிலிண்டரோட மாத்திடுங்க" என்கிறார்கள்.

எனக்கும் அதையே சொன்னார்கள். அளந்து பார்க்காமல் சொன்னது அது. தேய்ந்த பவர் வால்வுகளில் நிறைய, சிலிண்டரை மாற்றாமலே சரியாகக்கூடியவை. எது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பணத்தை எடுக்க வேண்டும். அந்த வரிசையில் இதை எழுதுகிறேன். நான் இருப்பது பிரிட்டனில். அதனால் ஆவணமும் விலையும் இங்கத்தியவை. ஸ்பேனர் வேலை எங்கே இருந்தாலும் ஒன்றுதான்.

வால்வு என்ன செய்கிறது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரிலிருந்து புகை வெளியேறும் வாய்தான் எக்ஸாஸ்ட் போர்ட். அதன் கூரையில் குறுக்காக ஓர் உருளை படுத்திருக்கிறது. உருளையின் ஒரு பக்கம் வெட்டப்பட்டிருக்கும். குறைந்த சுழற்சியில் அது திரும்பி நின்று போர்ட்டின் உயரத்தைக் குறைக்கிறது. எஞ்சின் வேகம் ஏற ஏற விலகிக் கூரையோடு கூரையாகிவிடுகிறது. திருப்புவது ஒரு சின்ன சர்வோ மோட்டார். அதிலிருந்து வரும் இரண்டு கேபிள்கள் உருளையின் நுனியில் உள்ள புல்லியைப் பிடித்து இழுக்கின்றன. யமஹா இதற்கு வைத்த பெயர் ஒய்பிவிஎஸ் (யமஹா பவர் வால்வ் சிஸ்டம்). உருளை ஒரே துண்டு இல்லை. நடுவில் சேரும் இரண்டு பாதிகள். சிக்கல்களில் பாதி அந்த நடு மூட்டிலிருந்துதான் வருகிறது.

1. ஸ்பேனரைத் தொடும் முன் ஆவணங்கள்

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. பிரிட்டனில் விற்ற டிடி125ஆர்களில் பல, புதிதாக ஓட்டப் பழகுபவர்களுக்காகப் பவர் குறைக்கப்பட்டு வந்தவை. சர்வோ மோட்டாரே இருக்காது. வால்வை மூடிய நிலையில் பூட்டியிருப்பார்கள், எக்ஸாஸ்டிலும் அடைப்பு வளையம் இருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் நீங்கள் "தேய்ந்த வால்வு" என்று நினைப்பது பிறந்ததிலிருந்தே அசையாத வால்வாக இருக்கலாம். டேங்கையும் பக்க மூடியையும் கழற்றி, புல்லியிலிருந்து கேபிள்கள் எங்கே போகின்றன என்று பாருங்கள். கேபிளே இல்லையென்றால் உங்கள் கதை வேறு.

சிபிடி (கட்டாய அடிப்படைப் பயிற்சி) சான்றிதழோடு ஓட்டுபவருக்கும் ஏ1 லைசென்ஸ் உள்ளவருக்கும் 125 சிசி, 11 கிலோவாட் என்பதுதான் எல்லை. வால்வு முழுதாக வேலை செய்து எக்ஸாஸ்டும் திறந்திருந்தால் இந்த எஞ்சின் அந்த எல்லையைத் தாண்டிவிடும். அப்போது ஏ2 அல்லது முழு ஏ லைசென்ஸ் வேண்டும். ஏ2 எடுக்கக் குறைந்தது 19 வயது ஆகியிருக்க வேண்டும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, அவர்கள் அனுப்பும் பதில் மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள். சொல்லாமல் விட்டால், விபத்து நடக்கும் நாளில் இன்சூரன்ஸ் கையில் இருந்தும் இல்லாத கதையாகிவிடும்.

வி5சி என்ற பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணை வண்டியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். எண் கிராங்க்கேஸில் பொறிக்கப்பட்டிருக்கிறது, சிலிண்டரில் இல்லை. அதனால் அதே 125 சிசி சிலிண்டரை மாற்றினால் வாகனப் பதிவுத் துறையான டிவிஎல்ஏவுக்கு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. முழு எஞ்சினையே யாரோ மாற்றியிருந்தாலோ, பெரிய சிலிண்டர் கிட் போட்டு சிசி கூடியிருந்தாலோ கட்டாயம் தெரிவிக்க வேண்டும். வி5சியில் திருத்துவதற்குக் கட்டணம் இல்லை. வி5சியே தொலைந்துபோயிருந்தால் புதியதற்கு 25 பவுண்ட். தபாலில் அனுப்பினால் வந்துசேரச் சில வாரங்கள் ஆகும், ஆகவே வேலை தொடங்கும் நாளிலேயே அனுப்பிவிடுங்கள்.

வண்டி மாதக்கணக்கில் பிரிந்து கிடக்கப்போகிறது என்றால் சோர்ன் (வண்டி சாலையில் ஓடாது என்ற அறிவிப்பு) கொடுத்துவிடுங்கள். இலவசம். சாலை வரியில் மீதமுள்ள முழு மாதங்களுக்குப் பணம் திரும்பிவரும். ஆனால் அதன் பிறகு வண்டியைப் பொதுச்சாலையில் நிறுத்தக்கூடாது. லண்டனில் இருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2023 ஆகஸ்ட் 29 முதல் யூலெஸ் (புகை அதிகம் விடும் வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கும் பகுதி) எல்லை லண்டனின் எல்லா பரோக்களையும் சேர்த்துக்கொண்டுவிட்டது. அதன் புகை விதிக்கு இணங்காத மோட்டார் சைக்கிளுக்கு ஒரு நாளைக்கு 12.50 பவுண்ட். லண்டன் போக்குவரத்துத் துறையின் தளத்தில் நம்பர் பிளேட்டைத் தட்டினால் உங்கள் வண்டிக்குக் கட்டணம் உண்டா என்று உடனே தெரியும். செலவு செய்வதற்கு முன்பே தட்டிப் பாருங்கள்.

2. நோய் வால்விலா, வெளியிலா?

பேட்டரி நல்ல சார்ஜில் இருக்கட்டும். சாவியைத் திருப்பி, காதைச் சர்வோ பக்கம் வையுங்கள். "விர்ர்" என்று ஒருமுறை போய்த் திரும்பும் சத்தம் வர வேண்டும், புல்லியும் அதோடு திரும்பித் தன் இடத்துக்கு வர வேண்டும். சத்தமே இல்லையென்றால் வால்வைக் குறை சொல்லாதீர்கள். பேட்டரி, ஃபியூஸ், சர்வோவின் கனெக்டர் என்று வரிசையாகப் பாருங்கள். இந்த வண்டி பேட்டரி செத்திருந்தாலும் உதைத்தால் ஸ்டார்ட் ஆகிவிடும். அதனாலேயே பலர் பேட்டரியைச் சந்தேகிப்பதில்லை.

சத்தம் வருகிறது, புல்லி திரும்பவில்லை அல்லது பாதியில் திணறி நிற்கிறது என்றால், கேபிள்களைத் தளர்த்திவிட்டுப் புல்லியைக் கையால் திருப்புங்கள். கையாலும் திரும்பவில்லையென்றால் உள்ளே கரி பிடித்திருக்கிறது. கையால் தாராளமாகத் திரும்பினால் கேபிளோ சர்வோவோதான் குற்றவாளி.

அடுத்து, புல்லியை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். திருப்பக்கூடாது, ஆட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரியும்படி ஆட்டம் இருந்தால் தேய்மானம் உண்டு. பக்க மூடிகளில் எண்ணெய்க் கசிவு மட்டும் இருந்து ஆட்டம் இல்லையென்றால் பெரும்பாலும் சீலும் ஓ-ரிங்கும் மாற்றினாலே போதும்.

ஓட்டும்போது தெரியும் அறிகுறியும் உதவும். வால்வு திறந்தபடி சிக்கியிருந்தால் கீழ் வேகத்தில் இழுவை இருக்காது, மேலே போனதும் சரியாகிவிடும். மூடியபடி சிக்கியிருந்தால் கீழே நன்றாக இழுத்து, மேலே போய்த் தொங்கிவிடும். இதே மாதிரி ஏறாமல் நிற்பது அடைத்த சைலன்சராலும் கார்புரேட்டரில் உள்ள தவறான ஜெட்டாலும் வரலாம். அதனால் எக்ஸாஸ்டைக் கழற்றும்போது அதன் உள்ளே எவ்வளவு கரி இருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள்.

3. கையேடு, உதிரிபாகம், கருவி

உங்கள் மாடலுக்கான சர்வீஸ் கையேடு இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம். ஹெட் போல்ட்களின் முறுக்கு அளவு, பிஸ்டன் இடைவெளி, கேபிள் அமைப்பு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. டிடி125ஆர் பல ஆண்டுகள் வந்த வண்டி. 3எம்பி, 3ஆர்எம் என்று மாடல் குறியீடுகள் மாறிக்கொண்டே வரும். யமஹா பாகங்களின் எண்ணில் முதல் மூன்று எழுத்துகள் அந்தப் பாகம் எந்த மாடலுக்கு முதலில் செய்யப்பட்டது என்று சொல்லும். புதிய மாடலிலும் பழைய குறியீட்டுப் பாகம் தொடர்ந்து வருவது உண்டு. எனவே குறியீட்டை வைத்து ஊகிக்காமல், ஃப்ரேம் எண்ணைக் கொடுத்து யமஹா டீலரிடம் பாகப் பட்டியலைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. டிஸட்ஆர்125, டிடிஆர்125 இரண்டும் இதே குடும்பத்து எஞ்சின்கள். இணையச் சந்தையில் "எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்று வால்வு விற்பார்கள். உள்ளே நுழைந்துவிடுவதால் மட்டும் அது பொருந்திவிட்டது என்று அர்த்தமில்லை. உருளையில் வெட்டின் கோணமும் அகலமும் உங்கள் போர்ட்டோடு ஒத்துப்போக வேண்டும். பழைய வால்வைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

வாங்கியே ஆக வேண்டியவை: வால்வின் ஓ-ரிங்குகளும் எண்ணெய் சீல்களும், ஹெட் கேஸ்கெட், பேஸ் கேஸ்கெட், எக்ஸாஸ்ட் கேஸ்கெட், நடு மூட்டுக்குப் புதிய ஆலன் போல்ட், கூலன்ட். நான் விசாரித்தவரை எல்லாம் சேர்த்து 50 முதல் 80 பவுண்டுக்குள் முடிந்துவிடும். கருவிகளில் மைக்ரோமீட்டர் ஒன்றைக் கடன் வாங்கியாவது வைத்துக்கொள்ளுங்கள். ஹீட் கன், பித்தளை பிரஷ், டார்க் ரெஞ்ச், நல்ல ஆலன் சாக்கெட் செட் இவையும் வேண்டும். மலிவான ஆலன் சாவியோடு இந்த வேலைக்குப் போகாதீர்கள். காரணம் அடுத்த பகுதியில்.

4. கழற்றுதல்

எக்ஸாஸ்ட் ஃபிளாஞ்சின் நட்டுகளுக்கு முந்தின நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைத்துவிடுங்கள். சிலிண்டரோடு ஸ்டட் முறிந்தால் அதற்கே தனி லேத் வேலை. கூலன்டை வடித்து மூடிய டப்பாவில் வையுங்கள். அது இனிக்கும் விஷம், நாயும் பூனையும் நக்கிவிடும்.

சிலிண்டரை இறக்காமலேயே வால்வை இரண்டு பக்கமும் உருவிவிடலாம் என்று சொல்வார்கள். சீல் மட்டும் மாற்றுகிறவர்களுக்கு அது சரி. தேய்மானத்தைச் சரிசெய்ய வந்தவர்கள் ஹெட்டையும் சிலிண்டரையும் இறக்கிவிடுவதே நல்லது. பிஸ்டனையும் போரையும் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளையை) பார்க்காமல் வால்வுக்கு மட்டும் செலவு செய்வதில் பயனில்லை.

எதையும் பிரிப்பதற்கு முன் புல்லியைப் படம் எடுங்கள். எந்தக் கேபிள் எந்தப் பள்ளத்தில் இருக்கிறது, புல்லியில் உள்ள வெட்டு எந்தக் குறிக்கு நேராக நிற்கிறது என்று தெளிவாகத் தெரியட்டும். கேபிள்களில் வண்ண டேப் சுற்றுங்கள்.

புல்லி போல்ட்டைத் திருகும்போது புல்லியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காமல் திருகினால் அந்த விசை முழுக்க உருளை வழியாகப் போய், இரண்டு பாதிகளையும் இணைக்கும் சின்ன டவல் பின்னில் இறங்கும். நன்றாக இருந்த பின் அங்கேயே கெட்டுப்போகும்.

அப்புறம் நடு மூட்டு போல்ட். வருடக்கணக்கான கரியும் சூடும் சேர்ந்து அதை இறுக்கியிருக்கும். ஆலன் தலையில் உள்ள கரியை ஊசியால் சுரண்டி எடுத்துவிட்டு, சாக்கெட்டைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி அடிவரை உட்கார வையுங்கள். ஹீட் கன்னால் சூடு காட்டிவிட்டு, ஒரே சீரான விசையில் திருகுங்கள். தேய்ந்த சாவியால் இதைத் திருகித் தலை உருண்டுவிட்டால், போல்ட்டைத் துளைத்துத்தான் எடுக்க வேண்டும். அது நூலிழை தவறினாலும் வால்வையே இழக்கும் வேலை.

போல்ட் வந்ததும் பாதிகளை உருவுங்கள். வரவில்லையென்றால் அடிக்காதீர்கள். கார்புரேட்டர் கிளீனர் அடித்து ஊறவிட்டு, முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே வெளியே இழுங்கள். சிலிண்டரை லேசாகச் சூடாக்கினால் இளகும்.

5. கரி எடுத்தல்

இதில் ஒரே ஒரு எச்சரிக்கை. அடுப்பு சுத்தம் செய்யும் ஸ்ப்ரேயைப் பயன்படுத்தச் சொல்லி நிறைய பேர் சிபாரிசு செய்வார்கள். அவற்றில் பல காஸ்டிக் சோடா கலந்தவை, காஸ்டிக் அலுமினியத்தைத் தின்னும். கரியோடு உங்கள் வால்வும் சிலிண்டர் சுவரும் சேர்ந்து கரையும். டீசலில் ஓர் இரவு ஊறவைத்து, பித்தளை பிரஷும் மரக்குச்சியும் வைத்துச் சுரண்டுங்கள். எமரி ஷீட்டால் தேய்த்தால் அளவு போய்விடும். ஓ-ரிங் பள்ளங்களில் ஒரு பொட்டுக் கரியும் இருக்கக்கூடாது. இருந்தால் புதிய ஓ-ரிங் உட்காராமல் மறுபடி கசியும்.

6. எங்கே தேய்ந்திருக்கிறது?

கட்டுரையின் முக்கியமான பகுதி இதுதான். சுத்தம் செய்த உருளையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். தேய்மானம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. புல்லி இருக்கும் நுனியில் அதிகமாக இருக்கும், ஏனென்றால் கேபிள்கள் எப்போதும் அந்தப் பக்கத்தைத்தான் இழுக்கின்றன. அங்கே ஒரு பட்டை மட்டும் பளபளவென்று மின்னும். பக்கத்திலேயே சிலிண்டர் சுவரைத் தொடாத பகுதி மங்கலாக இருக்கும்.

அந்த மங்கலான பகுதி உங்களுக்குப் பெரிய உதவி. தேயாத அந்த விட்டம்தான் தொழிற்சாலையில் செய்த அளவு. பல இடங்களில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, பளபளக்கும் பட்டையோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம்தான் உருளையின் தேய்மானம். சிலிண்டரில் உருளை உட்காரும் துளைக்கும் அதேபோல. வாயில் ஒரு அளவு, உள்ளே ஒரு அளவு, நேராகவும் குறுக்காகவும். துளை முட்டை வடிவமாகியிருந்தால் குறுக்களவு காட்டிக்கொடுத்துவிடும். துளையை அளக்கக் கருவி இல்லையென்றால் லேத் கடையில் இரண்டையும் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். வேலை எதுவும் பேசாமல் அளவு மட்டும் எழுதி வாங்குங்கள். அந்தத் துண்டுச் சீட்டு கையில் இருந்தால் யாரும் உங்களைச் சிலிண்டர் வாங்கச் சொல்லிப் பயமுறுத்த முடியாது.

பலரும் பார்க்காமல் விடுவது டவல் பின். இரண்டு பாதிகளையும் கையில் சேர்த்து, போல்ட்டைப் போட்டு இறுக்காமல், எதிரெதிராகத் திருப்பிப் பாருங்கள். இம்மியளவு ஆட்டம் இருந்தாலும் பின் துளை நீண்டுவிட்டது என்று அர்த்தம். அப்படி இருந்தால் ஓர் பாதி கூரையோடு சரியாக உட்காரும்போது மற்ற பாதி போர்ட்டுக்குள் தொங்கிக்கொண்டிருக்கும். வண்டி ஒருநாள் நன்றாகவும் ஒருநாள் மோசமாகவும் ஓடுவதற்கு இது ஒரு காரணம். கேபிளை எத்தனை முறை சரிசெய்தாலும் தீராது.

கடைசியாகப் பக்கத் தட்டுகளும் புல்லியின் நடுத் துளையும். இவை தேய்ந்து, உருளை நன்றாக இருக்கும் வண்டிகளும் உண்டு. இவற்றைத் தனியாக வாங்கிவிடலாம், செலவு குறைவு.

7. எதைச் செய்வது, எவ்வளவு ஆகும்?

ஆட்டம் இல்லை, கசிவு மட்டும்தான் என்றால் சீலும் ஓ-ரிங்கும் போதும். மேலே சொன்ன தொகையோடு வேலை முடிந்தது.

பின் துளை நீண்டிருந்தால், இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்து ஒரே ஓட்டத்தில் ரீமர் போட்டு, சற்றுப் பெரிய பின் பொருத்தலாம். லேத்காரருக்கு இது சின்ன வேலை.

உருளை தேய்ந்து துளை நன்றாக இருந்தால் இரண்டு வழி. ஒன்று, நல்ல வால்வு தேடி வாங்குவது. இரண்டு, தேய்ந்த பட்டையில் டிக் வெல்டிங் வைத்து, லேத்தில் பழைய அளவுக்குக் கடைவது. வெல்டிங்கை உருளையில் செய்யலாம், சிலிண்டரில் செய்யக்கூடாது. சிலிண்டர் போர் உள்ளே நிக்கல்-சிலிக்கன் பூச்சு கொண்டது. அருகில் வெல்டிங் சூடு பட்டால் போர் வட்டம் போய்விடும், பூச்சு உரியலாம்.

துளையே முட்டை வடிவமாகிவிட்டால், அதைப் பெரிதாக்கி வெண்கல புஷ் இறக்க வேண்டும். எனக்குச் சொன்ன விலைகள் வேலையைப் பொறுத்து 80 முதல் 150 பவுண்ட் வரை இருந்தன. நல்ல நிலையில் உள்ள பழைய சிலிண்டர் 100 முதல் 250 பவுண்டுக்குச் சந்தையில் வருகிறது. அதன் வால்வுத் துளையும் தேய்ந்திருக்காது என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள், படத்தைப் பார்த்துத் தெரியவும் தெரியாது. என்னைக் கேட்டால், போர் நன்றாக இருக்கும் சொந்தச் சிலிண்டருக்குப் புஷ் போடுவதே மேல். போரும் கீறியிருந்தால் மட்டும் கணக்கு மாறும். மறுபூச்சுக்கு 200 பவுண்ட் சுற்றுவட்டத்தில் ஆகும், பிஸ்டன் தனி. அப்போது நல்ல சிலிண்டர் தேடுவதில் அர்த்தம் உண்டு.

மறுபூச்சுக் கடைகளில் குளிர்காலம்தான் கூட்டம், எல்லோரும் அப்போதுதான் வண்டியைப் பிரிக்கிறார்கள். வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். வசந்தத்தில் ஓட்ட வேண்டுமென்றால் இலையுதிர் காலத்திலேயே அனுப்பிவிடுங்கள்.

8. லேத் கடையில் சொல்ல வேண்டியவை

எல்லா லேத் கடையும் டூ-ஸ்ட்ரோக் பவர் வால்வைப் பார்த்திருக்காது. "ஆட்டம் இல்லாமல் டைட்டாகப் போட்டுக் கொடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர் சொன்னபடி செய்துவிடுவார், வண்டி சூடானதும் வால்வு பிடித்துக்கொள்ளும். உருளை நேராக எக்ஸாஸ்ட் வாயுவில் நிற்கிறது. அதைச் சுற்றியுள்ள சிலிண்டரைத் தண்ணீர் குளிரவைக்கிறது. ஆகவே உருளை சிலிண்டரை விடச் சூடாகி, அதிகமாக விரியும். குளிர்ந்த நிலையில் இடைவெளி இருந்தே ஆக வேண்டும். எவ்வளவு என்பதற்குத் தேயாத பகுதியில் நீங்கள் அளந்த எண்கள் இருக்கின்றனவே, அந்த இடைவெளியையே கேளுங்கள்.

இரண்டு பக்கப் புஷ்ஷையும் ஒரே அமைப்பில், சிலிண்டரை மேஜையிலிருந்து கழற்றாமல் கடையச் சொல்லுங்கள். ஒரு பக்கம் முடித்து, திருப்பி வைத்து மறுபக்கம் கடைந்தால் நேர்கோடு தவறும். புஷ் இறுக்கப் பொருத்தத்தால் நிற்க வேண்டும், பசையை நம்பி நிற்கக்கூடாது. எக்ஸாஸ்ட் சூட்டில் சாதாரணப் பசை இளகிவிடும்.

போருக்கு மறுபூச்சும் இருந்தால், வால்வுத் துளை வேலையை முதலில் முடித்துவிட்டு, அதன்பிறகு சிலிண்டரைப் பூச்சுக்கு அனுப்புங்கள். தலைகீழாகச் செய்தால் புதுப் பூச்சின் மேல் மறுபடி கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டியிருக்கும்.

9. பூட்டுதல்

உருளையில் டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் மெல்லப் பூசி உள்ளே விடுங்கள். கிரீஸை அள்ளி அப்பினால் அதுவே நாளைக்குக் கரி. நடு போல்ட்டைக் கையேட்டு அளவுக்கு இறுக்கிய பின் உருளையைத் திருப்பிப் பாருங்கள். இறுக்குவதற்கு முன் தாராளமாகத் திரும்பியது இப்போது கடிக்கிறதென்றால், பாதிகள் நேராகச் சேரவில்லை. கழற்றி, சேரும் முகங்களைத் துடைத்து மறுபடி பூட்டுங்கள். ஓடினால் சரியாகிவிடும் என்று விடாதீர்கள், சரியாகாது.

சிலிண்டர் இன்னும் மேஜையில் இருக்கும்போதே செய்ய வேண்டியது: எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குள் விரலை விட்டு, வால்வை முழுக்கத் திறந்து, கூரையைத் தடவுங்கள். கூரையும் உருளையின் வெட்டும் சேரும் இடத்தில் நகம் தட்டக்கூடாது, இரண்டு பக்கமும். முழுக்க மூடினால் இரு பாதிகளின் உதடும் ஒரே அளவு தொங்க வேண்டும்.

அதைவிட முக்கியம், உருளையின் எந்த விளிம்பும் போருக்குள் எட்டிப் பார்க்கக்கூடாது. பெரிய அளவு பிஸ்டனுக்காகப் போரை விரித்திருந்தாலோ வேறு மாடல் வால்வு போட்டிருந்தாலோ இந்த ஆபத்து உண்டு. பிஸ்டனை ரிங் இல்லாமல் போரில் விட்டு, வால்வை மூடியும் திறந்தும் பாதியில் வைத்தும் பிஸ்டனை மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். எங்கேயும் உரசக்கூடாது. உரசினால் பூட்டாதீர்கள், உருளையின் முகத்தை லேத்தில் வழித்துக் கொண்டுவர வேண்டும்.

சிலிண்டரை மறுபடி பிஸ்டன் மேல் இறக்கும்போது பிஸ்டன் ரிங்கின் வாய், பள்ளத்தில் உள்ள சின்ன ஆணிக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்து இறக்குங்கள். உட்காராத சிலிண்டரைத் திருப்பி அழுத்தாதீர்கள்.

10. கேபிளும் சர்வோவும்

கேபிள்கள் இல்லாத நிலையில் முதலில் சாவியைத் திருப்பி, சர்வோவை ஒரு சுற்றுப் போய்வர விடுங்கள். அது நிற்கும் இடம்தான் அதன் வீடு. சாவியை அணைத்துவிட்டுக் கேபிள்களை மாட்டுங்கள். புல்லியின் வெட்டு குறிக்கு நேராக வரும்படி இரண்டு கேபிள்களையும் சம அளவில் சரிசெய்யுங்கள். இரண்டிலும் கையேடு சொல்லும் சின்னத் தளர்வு இருக்க வேண்டும். கிட்டாரின் கம்பி மாதிரி இழுத்துக் கட்டினால் சர்வோ நாள் முழுக்கத் திணறி எரிந்துபோகும், புல்லி பக்கம் மறுபடி தேயத் தொடங்கும். நீங்கள் சரிசெய்த அதே இடம். பழைய கேபிளில் இழை பிரிந்திருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

சாவியைப் பலமுறை போட்டு அணைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வெட்டு அதே இடத்தில் வந்து நிற்க வேண்டும்.

11. அழுத்தச் சோதனை, முதல் ஓட்டம்

எக்ஸாஸ்டையும் கார்புரேட்டர் வாயையும் ரப்பர் அடைப்பால் மூடி, சைக்கிள் பம்ப்பால் 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றி 6 நிமிடம் விடுவது டூ-ஸ்ட்ரோக்காரர்களின் வழக்கமான சோதனை. அதற்கு மேல் ஏற்றாதீர்கள், கிராங்க் சீல் தாங்காது. அழுத்தமானியின் முள் இறங்கினால் சோப்புத் தண்ணீரை வால்வு மூடிகள், பேஸ் கேஸ்கெட், ஹெட் என்று வரிசையாகத் தடவுங்கள். குமிழி வரும் இடம்தான் கசிவு. வால்வு மூடியில் வந்தால் ஓ-ரிங் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

ஸ்டார்ட் செய்து, சூடாகவிட்டு, அணைத்து, முழுக்க ஆறவிடுங்கள். ஆறுவதற்கு முன், சூட்டிலேயே ஒருமுறை சாவியைப் போட்டுச் சர்வோவின் சத்தத்தைக் கேளுங்கள். குளிரில் நன்றாகத் திரும்பி, சூட்டில் திணறினால் இடைவெளி போதவில்லை. லேத் கடைக்குத் திரும்பிப் போக வேண்டும். ஓட்டிக்கொண்டே இருந்து சரியாக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஆறிய பிறகு கூலன்ட் அளவைப் பாருங்கள், எக்ஸாஸ்ட் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள்.

எம்ஓடி (வண்டியின் வருடாந்திரத் தகுதிச் சோதனை) தேதி நெருங்கினால் இதற்குப் பிறகு கொண்டுபோங்கள். மோட்டார் சைக்கிளுக்கு அதிகபட்சக் கட்டணம் 29.65 பவுண்ட். பைக்குகளுக்குப் புகை அளவு பார்ப்பதில்லை. ஆனால் எக்ஸாஸ்ட் கசிவும் சத்தமும் பார்ப்பார்கள், "சாலைக்கு அல்ல" என்று முத்திரை உள்ள சைலன்சர் போட்டிருந்தால் தோல்விதான்.

எண்ணெய் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். டப்பாவில் ஜாஸோ எஃப்டி என்று போட்ட டூ-ஸ்ட்ரோக் எண்ணெயை வாங்குங்கள். கரி குறைவாகப் பிடிக்கும் தரம் அது. எண்ணெய் பம்ப்பைக் கையேட்டுக் குறியில் வையுங்கள். "கொஞ்சம் அதிகமாகவே போகட்டும்" என்று பம்ப்பைத் திறந்து வைத்தவர்களின் வால்வுதான் முதலில் பிடிக்கிறது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் பக்க மூடியைக் கழற்றி, புல்லியை இரண்டு விரலால் ஆட்டிப் பார்த்துவிட்டு, ஓ-ரிங்கை மட்டும் மாற்றி மூடிவிடுங்கள். ஒரு மதியத்து வேலை.